வெளிப்புறம் திறக்கும் கதவு

பள்ளி, திரையரங்கு, திருமண மண்டபம் முதலிய பலர் கூடும் இடங்களில் வெளியேறும் கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும் என்பது கட்டடக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உள்ளிருந்து ஓடிவருபவரின் கை பட்டதும் கதவு வழிவிட வேண்டும். அது உட்புறமாகத் திறக்கும் கதவானால், முன்னே வருபவர் அதனைத் தம் பக்கம் இழுப்பதற்குள் பின்னே வருபவர்களின் நெருக்கம் அதை அழுத்தி மூடிவிடும். கேட்பதற்கு இது மிக எளிய செய்தி. ஆனால் இந்த எளிய உண்மையை மனிதகுலம் அமர்ந்து சிந்தித்துக் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பின்னரே கற்றுக்கொண்டது.

பள்ளிப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதப் புகுபவர் எவரும் இரங்கற்பா எழுதும் நிலைக்கே தள்ளப்படுவார். இன்று விதிநூலில் ஒரு வரியாக இருப்பது நேற்று ஓர் ஊரின் கண்ணீராக இருந்தது. அவ்வரலாற்றின் சில ஏடுகளையாவது நாம் புரட்டிப் பார்க்கவேண்டும். ஏனெனில் அவற்றுள் மிகத் துயரமான ஏடுகளில் ஒன்று, நமது திருச்சபை நடத்திய பள்ளி ஒன்றைப் பற்றியது. அன்பும் பக்தியும் நிறைந்திருந்த ஒரு பள்ளியில் அந்தத் துயரம் நிகழ்ந்தது என்பதுதான் நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது.

இரண்டு முன்னெச்சரிக்கைகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லாந்து நகரில் விக்டோரியா மண்டபம் என்றொரு பெரிய அரங்கு இருந்தது. 1883 ஜூன் 16, சனிக்கிழமை. அங்கே சிறுவர்களுக்கென ஒரு வேடிக்கைக் காட்சி நடைபெற்றது. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் குறிப்பிட்ட எண்ணுள்ள சீட்டு வைத்திருப்போருக்குப் பரிசு உண்டு என அறிவிக்கப்பட்டது. கீழே இருந்த பிள்ளைகளுக்கு மேடையிலிருந்து பரிசுகள் வழங்கப்படுவதைக் கண்டதும், மேல்மாடத்தில் இருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தங்களுக்கும் கிடைக்கவேண்டுமே என்னும் ஆவலில் படிகளில் இறங்கி ஓடினர். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டுமே நுழையும்படி சிறிதளவே திறந்து தாழிடப்பட்டிருந்தது. முதலில் வந்தவர்கள் அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ள, மேலிருந்து வந்தவர்கள் அதை அறியாமல் நெருக்கிக்கொண்டே இருந்தனர். நெருப்பு இல்லை, வெள்ளம் இல்லை. ஒரு கதவினால் மட்டும் அன்று 183 பிள்ளைகள் மூச்சுத் திணறி மாண்டனர்.

பொது அரங்குகளில் வெளிப்புறம் திறக்கும் கதவுகள் போதிய அளவில் வேண்டும் என்னும் சட்டத்திற்கு அந்த நிகழ்ச்சியே வித்திட்டது. உள்ளிருந்து தள்ளினாலே விடுபடும் தாழ்ப்பாளுக்கு ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பெரிய மருத்துவமனைகளிலும் அரங்குகளிலும் காணும், கதவின் குறுக்கே நீண்ட கம்பியுடைய தாழ்ப்பாளின் மூதாதை அதுவே.

இரண்டாவது எச்சரிக்கை அமெரிக்காவில் எழுந்தது. ஒகையோ மாநிலத்தில் அன்று கிளீவ்லாந்து நகரை அடுத்திருந்த காலின்வுட் என்னும் ஊர். 1908 மார்ச் 4. அன்று திருநீற்றுப் புதன். அவ்வூர்த் தொடக்கப் பள்ளியின் அடித்தளத்தில் தீப்பற்றியது. மரப் படிகளும் மரத் தளங்களும் தீக்கு இரையாகக் காத்திருந்தவை போல எரிந்தன. முன்வாசலைத் தீ அடைத்துக்கொள்ள, பிள்ளைகள் பின்வாசலுக்கு ஓடினர். அங்கே படிக்கட்டின் அகலத்தைவிட வாசலின் வழி குறுகலாக இருந்தது. கீழே விழுந்தவர்கள்மேல் அடுத்தவர்கள் விழுந்தனர். ஓடிவந்த பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் கைகளைப் பற்றி இழுத்தும் அந்த நெரிசலிலிருந்து அவர்களை விடுவிக்க இயலவில்லை. 172 பிள்ளைகளும், இரண்டு ஆசிரியைகளும், காப்பாற்ற வந்த ஒருவரும் உயிரிழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உலகெங்கும் பேசப்பட்டன. மரப் படிக்கட்டு ஆபத்து, குறுகிய வழி ஆபத்து, மூடிய கதவு ஆபத்து என்பது 1908இலேயே தெரிந்த உண்மைகள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சிக்காகோவில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் காணவேண்டும்.

வானதூதர்களின் அன்னை பள்ளி

சிக்காகோ நகரின் மேற்குப் பகுதியில் வானதூதர்களின் அன்னை பங்கு அமைந்திருந்தது. உழைக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள், பெரும்பாலும் இத்தாலிய, அயர்லாந்து, போலந்து வழிவந்தோர், நெருங்கி வாழ்ந்த பகுதி அது. பங்கின் பள்ளியில் ஏறத்தாழ 1,600 பிள்ளைகள் பயின்றனர். தூய கன்னி மரியாவின் அன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த கன்னியரும், சில பொதுநிலை ஆசிரியைகளும் கற்பித்தனர். ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள். இடநெருக்கடி இருந்தாலும் எந்தக் குடும்பத்தையும் திருப்பி அனுப்ப மனமில்லாத பங்கு.

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. திருவருகைக் காலம் தொடங்கிய மறுநாள். பள்ளி முடிய இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. வடபகுதிக் கட்டடத்தின் அடித்தளத்தில், படிக்கட்டின் கீழ் வைத்திருந்த அட்டைக் குப்பைத் தொட்டியில் தீப்பற்றியது. யாரும் கவனிக்கவில்லை. சிறிது நேரம் அது புகைந்துகொண்டே இருந்தது. பின்னர் வெப்பத்தினால் அடித்தளச் சன்னல் கண்ணாடி உடைந்தது. காற்று உள்ளே புகுந்தது. படிக்கட்டே ஒரு புகைபோக்கியாக மாறித் தீ மேலே பாய்ந்தது.

தரைத்தளத்தில் படிக்கட்டை அடைத்து ஒரு கதவு இருந்தது. அது மூடியிருந்தது. எனவே தரைத்தளத்துப் பிள்ளைகள் உயிர் தப்பினர். மாடியில் அத்தகைய கதவு இல்லை. புகையும் நச்சுக் காற்றும் நேரே மாடி நடைக்கூடத்தை நிரப்பின. எண்ணெய்ப் பசையுள்ள மெழுகு பூசிப் பூசி மினுக்கப்பட்டிருந்த மரத்தளம் எரியத் தொடங்கியது. தூய்மைக்கு இலக்கணமாகக் கன்னியர் போற்றி வந்த அந்தத் தளமே தீக்கு உணவாயிற்று.

அந்தக் கட்டடம் 1910இல் எழுப்பப்பட்டது. தீ ஏற்பட்டால் தானே நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. தீயணைப்பு நிலையத்துடன் நேரடி இணைப்புள்ள எச்சரிக்கை மணி இல்லை. பள்ளிக்குள் ஒலிக்கும் மணியின் விசைகள் இரண்டே. அவையும் தென்பகுதியில், ஆறடி உயரத்தில், எந்த அடையாளமும் இன்றி இருந்தன. தீயணைக்கும் கருவிகள் நான்கு. அவை ஏழடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. மாடிச் சன்னல்கள் தரையிலிருந்து இருபத்தைந்து அடி உயரம். சன்னலின் அடிக்கட்டை வகுப்பறைத் தளத்திலிருந்து மூன்றடிக்கும் மேல்; சிறு பிள்ளைகளால் ஏற முடியாது.

புகையை முதலில் கண்டவர்களுள் இரு பொதுநிலை ஆசிரியைகள் இருந்தனர். தலைமைச் சகோதரியின் அனுமதி பெற்றே எச்சரிக்கை மணியை ஒலிக்கவேண்டும் என்பது பள்ளியின் வழக்கம். அவர்களுள் ஒருவர் தலைமைச் சகோதரியைத் தேடிச் சென்றார். அவரோ உடல்நலமில்லாத ஓர் ஆசிரியைக்குப் பதிலாக வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், அலுவலகத்தில் இல்லை. காலம் நழுவிக்கொண்டிருந்தது. இரு ஆசிரியைகளும் இனிப் பொறுப்பதற்கில்லை எனத் தாமே முடிவெடுத்துத் தம் வகுப்புகளைப் பாதுகாப்பாக வெளியேற்றிக் கோவிலில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தனர். கீழ்ப்படிதல் பெரும் புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வேளையில் அனுமதிக்குக் காத்திராத அந்த இரு பெண்களால் இரண்டு வகுப்புகள் உயிர் பிழைத்தன.

மற்ற வகுப்புகளில் கதவைத் திறந்தபோது நடைக்கூடம் முழுவதும் கரும்புகை. வெளியேற வழி அது ஒன்றே. கதவை மூடிவிட்டுச் சன்னலருகே காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிள்ளைகளைச் செபிக்கச் சொன்னார்கள் கன்னியர். ஒரு வகுப்பில் ஆசிரியைச் சகோதரி, நூல்களையும் தட்டுமுட்டுகளையும் கதவருகே அடுக்கச் செய்து புகையைத் தடுத்தார்; ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்த அந்த வகுப்பில் இறந்தவர்கள் இருவரே. மற்றச் சில அறைகளில் கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வெடித்துத் தீ உள்ளே புகுந்தது.

தீயணைப்பு நிலையத்திற்கு முதல் தகவல் போனது பிற்பகல் 2.42க்கு. அதுவும் பள்ளியின் முகவரிக்குப் பதிலாகக் குருக்கள் இல்லத்தின் முகவரியே தரப்பட்டதால், வந்தவர்கள் அடுத்த தெருவில் நின்று வழி மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஏணியைக் கொண்டுசெல்ல வேண்டிய முற்றத்தின் இரும்பு வாயில் பூட்டிக் கிடந்தது, அதை உடைத்தனர். அந்த நெருக்கடியிலும் வீரர்கள் சுமார் 160 பிள்ளைகளைக் காப்பாற்றினர். ஆயினும் 92 பிள்ளைகளும் மூன்று கன்னியரும் இறந்தனர். அந்த மூவரும் தம் வகுப்பறைகளிலேயே, தம் பிள்ளைகளுடனேயே மாண்டார்கள்.

ஐந்து வாரங்களுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த திருத்தந்தை 23ஆம் அருளப்பர், சிக்காகோ பேராயர் ஆல்பர்ட் மேயருக்கு ஆறுதல் செய்தி அனுப்பினார். பேராயரும் மறைமாவட்டப் பொறுப்பேற்று இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. கோவிலில் இடம் போதாமல் படைப்பிரிவுக் கூடமொன்றில் பலிபீடம் அமைத்து அவர் திருப்பலி நிறைவேற்றினார். தீயை மூட்டியது யார், எது என்பது அதிகாரப்பூர்வமாக என்றும் முடிவு செய்யப்படவில்லை.

"விலக்கு" என்னும் சொல்

ஆனால் பிள்ளைகளைக் கொன்றது எது என்பதற்கு விடை உண்டு. விபத்திற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, அக்டோபரில்தான், அந்தப் பள்ளி தீப்பாதுகாப்பு ஆய்வில் தேறியிருந்தது! அதில் கள்ளமோ கையூட்டோ இல்லை. சிக்காகோ நகரம் 1949இல் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது. ஆனால் அவ்விதிகள் புதிதாகக் கட்டப்படும் பள்ளிகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பழைய கட்டடங்களைத் திருத்தப் பணம் வேண்டும், பங்குகள் ஏழ்மையானவை, இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லையே என்ற எண்ணம் வேறு. ஆகவே, 1910ஆம் ஆண்டுக் கட்டடம் சட்டத்தின் முன் குற்றமற்றதாய் நின்றது.

சட்டம் விலக்கு அளிக்கலாம். தீ விலக்கு அளிப்பதில்லை.

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புக் கழகத்தைச் சேர்ந்த பெர்சி பக்பீ, இந்த விபத்திலிருந்து கற்கவேண்டிய புதிய பாடம் எதுவும் இல்லை, பழைய பாடங்களே கவனிக்கப்படாமற் போயின என்ற கருத்தைத் துயரத்தோடு தெரிவித்தார். சண்டர்லாந்திலும் காலின்வுட்டிலும் எழுதப்பட்ட பாடம் சிக்காகோவில் படிக்கப்படாமலே கிடந்தது என்பதே அதன் பொருள்.

அதன் பின்னர்தான் நாடு விழித்தது. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தீயணைப்புத் துறையினர், இடிப்பதற்கென ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் தாமே தீவைத்து, புகை எப்படிப் பரவுகிறது, படிக்கட்டுக் கதவும் நீர்த்தெளிப்பும் எவ்வளவு காலம் வாங்கித் தருகின்றன என்று அளந்து பார்த்தனர். ஓராண்டுக்குள் சுமார் 16,500 பழைய பள்ளிக் கட்டடங்கள் திருத்தியமைக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. பணம் இல்லை என்று சொல்லப்பட்ட வேலைகளுக்கெல்லாம் பணம் கிடைத்தது. 95 உயிர்கள் போனபின் கிடைத்தது.

அந்தப் பள்ளியில் அன்புக்குக் குறைவில்லை. செபத்திற்குக் குறைவில்லை. தம் உயிரைக் கொடுத்த கன்னியரின் தியாகத்தை எவர் குறைத்துப் பேச முடியும்? குறைந்தது மாடியில் ஒரு கதவு. அன்பு கதவாக, மணியாக, திறந்த வழியாக உருவெடுக்காதபோது, அது தன் பிள்ளைகளோடு சேர்ந்து சாகலாம்; அவர்களைக் காக்க முடியாது.

நம் மண்ணில்

சிக்காகோ மிகத் தொலைவு என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்திற்குள் மூன்று பள்ளிகள் இயங்கி வந்தன. சத்துணவுக் கூடத்தின் கூரையில் பற்றிய தீ, மேல்மாடியில் வகுப்பறையாகப் பயன்பட்ட கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. எரியும் கூரை பிள்ளைகள்மேல் சரிந்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தொடக்க வகுப்பு மாணவர்கள். அன்று காலை தலைவாரிப் பூச்சூட்டி அனுப்பிய தாய்மார், பிற்பகலில் மருத்துவமனை வாசலில் பாதி எரிந்த சீருடையை வைத்துத் தம் பிள்ளையை அடையாளம் காண முயன்ற காட்சியைத் தமிழகம் மறக்கவில்லை.

சிக்காகோவில் சட்டமே விலக்கு அளித்தது. கும்பகோணத்தில் விலக்கு அளித்தது பாராமுகம். ஓலைக் கொட்டகை ஒளித்து வைக்கக்கூடிய பொருளன்று. தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். அதன்கீழ் ஆண்டுதோறும் பாடம் நடந்தது. பார்வையிட வந்தவர்களும் வந்து போனார்கள். நீதியரசர் சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2014 ஜூலை 30 அன்று, பத்து ஆண்டுகளுக்குப் பின், தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது, பதினொருவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் 2017இல் உயர்நீதிமன்றம் தண்டனைகளைப் பெருமளவு குறைத்தது.

இத்துயரை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று அளித்த தீர்ப்பு மிக முக்கியமானது. பிள்ளைகளின் கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்று அது அறுதியிட்டுக் கூறியது. தீயணைப்புக் கருவிகள், கட்டடத்தின் உறுதிக்குச் சான்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி ஆகியவை இல்லாமல் பள்ளி நடத்தலாகாது என ஆணையிட்டது. அதாவது, பாதுகாப்பு என்பது நிர்வாகம் காட்டும் சலுகை அன்று. பிள்ளைக்கு உரிய கடன்.

எனினும் கடன் தீர்ந்தபாடில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன் பின்னரே மாவட்டந்தோறும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை விரைவு பெற்றது. மீண்டும் அதே வரிசை: முதலில் சாவு, பிறகு கணக்கெடுப்பு.

பள்ளிக்கும் முந்திய பருவத்தினர் நிலை இன்னும் கவலைக்குரியது. மழலையர் தாமாக ஓடித் தப்பவும் இயலாதவர்கள். மெக்சிகோ நாட்டின் எர்மோசில்லோ நகரில் 2009 ஜூன் 5 அன்று மழலையர் காப்பகம் ஒன்று தீக்கிரையாகி 49 குழந்தைகள் மாண்டனர். அந்தக் காப்பகம் பண்டகசாலையாக இருந்த கட்டடத்தில் நடந்தது. அடுத்த பகுதியில் இருந்த அரசுக் கிடங்கிலிருந்து தீ பரவியது. அவசர வழி பயன்படும் நிலையில் இல்லை. அக்கம்பக்கத்தார் வண்டியை மோதிச் சுவரை உடைத்து வழி உண்டாக்கிக் குழந்தைகளை வெளியே எடுத்தனர். பிள்ளைகளை இழந்த பெற்றோர் ஓயாமல் போராடியதன் பயனாக, காப்பகங்களுக்கான தேசியச் சட்டம் 2011இல் பிறந்தது.

மற்றொரு மூடிய கதவு

பாதுகாப்பு என்றவுடன் தீயையும் சுவரையும் மட்டும் எண்ணுவது போதாது. பிள்ளைக்கு வரும் தீங்கு சில வேளைகளில் மனித உருவில் வருகிறது. அங்கேயும் கதவுகள் உண்டு. அவை மௌனத்தால் ஆனவை.

அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளையும் சீர்திருத்தப் பள்ளிகளையும் ஆராய்ந்த ஆணையம், நீதிபதி ஷான் ரையன் தலைமையில், 2009 மே 20 அன்று தன் அறிக்கையை வெளியிட்டது. அப்பள்ளிகளில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகள் அடியும் அவமானமும் பாலியல் கொடுமையும் அனுபவித்ததை அது நூற்றுக்கணக்கானோரின் சாட்சியத்துடன் நிறுவியது. அவற்றை மேற்பார்வையிட வேண்டிய அரசுக் கல்வித் துறை, துறவற சபைகள்மேல் கொண்ட மட்டுமீறிய பணிவினால் தன் கடமையில் தவறியது எனவும் அந்த ஆணையம் கண்டது. இதைப் படிக்கும்போது கத்தோலிக்கர் எவருக்கும் நெஞ்சு கனக்கும். ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் சிக்காகோவின் பாடமே. அங்கே பழைமைக்கு விலக்கு. இங்கே புனிதத்திற்கு விலக்கு. "அவர்கள் இறைவனின் ஊழியர்கள், அவர்களைப் போய்ச் சோதிப்பதா?" என்ற மரியாதையின் நிழலில் பிள்ளைகள் கேட்பாரற்று வாடினர்.

இந்தியாவில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012 நவம்பர் 14இல், குழந்தைகள் தினத்தன்று, நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம் என்கிறது அச்சட்டம். நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கும் தண்டனை உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் பிறப்பித்த ஆணையும் குருக்களும் துறவியரும் இத்தகைய செய்திகளை மறைக்காமல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என வகுத்தது. நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பதாக எண்ணி ஒரு பிள்ளையின் வாயை அடைப்பவர், நடைக்கூடத்தில் புகை சூழ்ந்திருக்கும்போது மணியை ஒலிக்கவிடாமல் தடுப்பவருக்கு ஒப்பானவர்.

பெற்றோரும் இதில் பங்குடையவர்களே. "ஃபாதரைப் பற்றி, சிஸ்டரைப் பற்றி, சாரைப் பற்றி அப்படிச் சொல்லலாமா?" என்று பிள்ளையை அதட்டும் வீட்டில் அக்கதவு முதலில் மூடப்படுகிறது. பிள்ளை பேசத் துணியும் அந்த ஒரு நொடியில் நாம் காது கொடுத்தால் கதவு வெளிப்புறம் திறக்கும். இல்லையேல் அது என்றென்றைக்கும் அடைபட்டுவிடும்.

நாம் செய்யக்கூடியது

தமிழகத்தின் பங்குகள் பலவற்றில் கோவிலை ஒட்டியே பள்ளியும் மழலையர் வகுப்பும் அமைந்துள்ளன. அவற்றுள் பல நூறாண்டு கண்டவை. அந்தப் பழைமை நமக்குப் பெருமை. ஆனால் பழைமையே பாதுகாப்புச் சான்று ஆகாது. பங்கின் பொதுநிலையினர், "அது நிர்வாகத்தின் வேலை" என்று ஒதுங்கி நிற்கலாமா? நம் பிள்ளைகள் அல்லவா உள்ளே இருக்கிறார்கள்?

ஒரு நாள் பங்குப் பேரவையினரும் பெற்றோரும் தலைமை ஆசிரியருடன் பள்ளியைச் சுற்றி நடந்து பார்க்கலாம். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வழிகள் உண்டா? பள்ளி நேரத்தில் பின்வாசல் பூட்டப்படுகிறதா? பூட்டினால் சாவி யாரிடம்? எச்சரிக்கை மணியை ஒலிக்க யாருடைய அனுமதியாவது தேவையா? அது ஒரு சிறுவனுக்கும் எட்டுமா? சமையற்கூடம் வகுப்பறையிலிருந்து விலகி இருக்கிறதா? பிள்ளைகள் வெளியேறும் பயிற்சியைக் கடைசியாக எப்போது செய்தார்கள்? துன்பம் நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியுமா? குழந்தைகள் உதவிக்கான 1098 என்னும் எண் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா? இக்கேள்விகளைக் கேட்பது நிர்வாகத்தின்மீது ஐயப்படுவது ஆகாது. சிக்காகோவில் இக்கேள்விகளை யாரேனும் ஒருவர் கேட்டிருந்தால், அதை அவமதிப்பு என்று அந்த மூன்று கன்னியரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இறைவன் காப்பார் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை எப்படி இருக்கவேண்டும் என்பதற்குத் திருக்குடும்பமே நமக்குச் சான்று. ஏரோதின் வாள் பெத்லகேமை நோக்கி வரும் செய்தி கனவில் கிடைத்தபோது, "இவர் இறைமகன், இவருக்கு என்ன நேரும்?" என்று சூசையப்பர் மீண்டும் கண்ணயரவில்லை. விடியட்டும் என்றும் காத்திருக்கவில்லை. அந்த இரவிலேயே எழுந்து, தாயையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். இறைமகனே தம் குழந்தைப் பருவத்தில், விழிப்பாயிருந்த ஒரு காவலரின் விரைந்த கால்களால் காக்கப்பட்டார்.

டிசம்பர் 28இல் மாசில்லாக் குழந்தைகள் திருநாளைக் கொண்டாடும்போது, பெத்லகேமின் பிள்ளைகளோடு சண்டர்லாந்து, காலின்வுட், சிக்காகோ, எர்மோசில்லோ, கும்பகோணம் ஆகிய ஊர்களின் பிள்ளைகளையும் நாம் நினைவுகூரலாம். நினைவுகூர்ந்துவிட்டு, மறுநாள் காலை நம் பங்குப் பள்ளியின் பின்வாசலுக்குச் சென்று, அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்போம்.